முதுகா, மார்பா?

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாகலெட்சுமியைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், கொட்டும் மழையில் நிற்கவிட்டு வந்துவிட்டோம். இனியும் அவளை அங்கேயே நிற்க வைப்பது நியாயமில்லை.

மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, இடப்பக்கத்தை முழுவதுமாக எடுத்து, மருந்து ஏற்றி, கதிர் பாய்ச்சும் அந்தக் கரண்ட் வைத்து, கொட்டிய முடி திரும்ப முளைத்து, எல்லாமாக ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. வெறுமையான அந்த இடத்தில், பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தானே தைத்த ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டுதான் அவள் தேயிலை மலைக்குப் போகிறாள். அன்றைக்கு மழையில் ஊறிக் கனத்துப்போன அந்தப் பை, தராசுக்கு முன்னால் குனிந்தபோது நழுவிச் சகதியில் விழுந்தது.

கங்காணி வேறு பக்கம் பார்த்தார். இரண்டு பேர் சிரித்தார்கள். கூடக் கொழுந்து எடுக்கும் அழகம்மா மட்டும் ஒன்றுமே நடக்காதது போல அதைக் குனிந்து எடுத்துத் தன் மடியில் செருகிக்கொண்டாள். அழகம்மாவின் வாயைப் பற்றிக் கோபமாகக் கடிதம் எழுதிய வாசகிகள், இந்த ஒன்றுக்காகவாவது அவளை மன்னித்துவிடுங்கள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, ஈரச்சேலையைக்கூட மாற்றாமல் நாகலெட்சுமி மகளிடம் சொன்னாள்.

"அந்த டொக்டர் சொன்னாங்களே, திரும்ப வச்சு விடுற ஒபரேஷன். அத நான் செஞ்சுக்கிறேன்."

இன்று புதன்கிழமை. கண்டியில் கிளினிக்.

*

ராகலையிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸில் தாயும் மகளும் ஏறினார்கள். கண்ணாடியெல்லாம் பனி. யாரோ ஒரு குழந்தை அதில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

சுலக்ஷனாவுக்கு இருபத்திரண்டு வயது. நுவரெலியாவில் சரிபுதீன் ஹாஜியாரின் மருந்துக்கடையில் வேலை. உயர்தரம் படித்தவள், மருந்தாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டும் இருக்கிறாள். வாயைத் திறந்தால் சிங்களம் தண்ணீராக ஓடும். நாகலெட்சுமியின் சிங்களம் சந்தையில் விலை கேட்கப் போதும், அதற்கு மேல் போகாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் தாய்க்குப் பதிலாக மகள்தான் பேசுவாள்.

"கையெழுத்து இன்னைக்கே போடணுமா சுலா?"

"எந்த மாதிரி செய்றதுன்னு இன்னைக்கு முடிவா சொல்லுவாங்கம்மா. போன தடவையே முதுகுலன்னு எழுதிட்டாங்க."

"முதுகுலயா?"

"முதுகுச் சதைய தோலோட, ரத்தக் குழாயோட அப்படியே திருப்பி, கக்கத்துக்குக் கீழால முன்னுக்குக் கொண்டாந்து வைக்கிறது. ஒங்க சதையே தான். வெளியில இருந்து எதுவும் இல்ல."

நாகலெட்சுமி கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டுப் பார்க்க முயன்றாள். எட்டவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப திரும்ப எப்ப மலைக்குப் போகலாம்?"

சுலக்ஷனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதெல்லாம் பொறகு கேட்டுக்கலாம்."

அந்தப் பதிலில் ஒரு அவசரம் இருந்தது. நாகலெட்சுமி அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வியில்தான் அவர்கள் குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வீட்டில் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் இருக்கும் பெயர் நாகலெட்சுமியுடையது ஒன்றுதான். கணவன் சிவசாமி இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்துத் துரையோடு முறைத்துக்கொண்டு பெயரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது ராகலையில் ஒரு முதலாளியின் லீக்ஸ் பாத்திகளில் கூலிக்கு நிற்கிறான். வீட்டில் ஒரு பேராவது செக்ரோலில் இல்லாவிட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவை விட்டுக் கொடுக்க வேண்டும் என்று, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு இரண்டு தடவை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மற்றத் தோட்டங்களில் எப்படியோ, இங்கே அப்படித்தான். அதனால்தான் கரண்ட் முடிந்து நாலு மாதத்தில் நாகலெட்சுமி திரும்பவும் தலையில் கூடைக் கயிற்றைப் போட்டுக்கொண்டு மலை ஏறினாள்.

*

கிளினிக்கில் முப்பத்தொன்றாம் நம்பர். பெஞ்சில் எல்லாரும் பெண்கள். ஒருத்தி தலையில் தொப்பி. ஒருத்தி கையில் பிள்ளை. யாரும் யாருடைய நெஞ்சையும் பார்ப்பதில்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தது போல, சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்பின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடையாள அட்டைக்கு இரண்டு போட்டோக் கொப்பி வேண்டும் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சுலக்ஷனா எடுத்துக்கொண்டு வரப் போனாள். அவள் போன ஐந்தாவது நிமிடம் முப்பத்தொன்றைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாகலெட்சுமி தயங்கித் தயங்கி உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் தலையை மூடிக் கட்டியிருந்த ஒரு இளம் தாதி இருந்தாள். சட்டையில் ஷஸ்னா என்று பெயர் குத்தியிருந்தது.

"மக வெளிய போயிருக்கா மிஸ். எனக்கு சிங்களம் அவ்வளவா..."

"தமிழ்லயே பேசலாம்மா. எனக்கு ஊரு ஹட்டன். உக்காருங்க, டொக்டர் இப்ப வருவாங்க. அதுக்குள்ள நான் ஃபைலைப் பாத்துர்றேன்."

நாகலெட்சுமிக்கு மூச்சு வந்தது.

"வயசு நாப்பத்திமூணு. ஒரு பிள்ளை. கரண்ட் முடிஞ்சு பதினொரு மாசம். சீனி இல்ல, பிரஷர் இல்ல. வேலை, வீட்டுல தான். பாரம் தூக்குற வேலை எதுவும் இல்ல. சரி தானேம்மா?"

"இல்ல மிஸ்."

"எது இல்ல?"

"வீட்டுல இல்ல. கொழுந்து எடுக்கிறேன்."

ஷஸ்னா பேனாவை மேசையில் வைத்தாள். நாகலெட்சுமியின் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தேயிலைக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாமல் கறுத்துக் கிடந்தது.

"நீங்க உள்ள வந்ததுல இருந்து நானும் இந்த விரலைத் தாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன். இத யாரு இப்படி எழுத வச்சது?"

"மக தான் சொன்னா. என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது மிஸ்."

"மலைக்குப் போக ஆரம்பிச்சு எவ்வளவு நாள்?"

"ஏழு மாசம்."

"அந்தப் பக்கத்துக் கையில பாரம் தூக்கக் கூடாது, கீறல் படக் கூடாதுன்னு சொல்லித் தந்திருப்பாங்களே?"

"சொன்னாங்க மிஸ். நான் கேட்டுக்கிட்டேன். தேயிலைச் செடி கேக்கணுமே."

ஷஸ்னா சிரிக்கவில்லை. "எப்படி எடுப்பீங்கன்னு எழும்பி நின்னு காட்டுங்க."

நாகலெட்சுமி எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரி அறைக்குள் நின்றுகொண்டு கொழுந்து எடுத்துக் காட்டுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கைகளுக்குக் கூச்சமில்லை. இரண்டு கைகளும் இடுப்பளவில் தாமாக ஓடின. பிடி நிறைந்ததும், தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் வீசினாள். வலக்கை லேசாகப் போய் வந்தது. இடக்கை பாதி தூரத்தில் இழுத்துப் பிடித்தது. உடம்பை ஒரு ஆட்டு ஆட்டி மீதியைச் சமாளித்தாள்.

"ஆயெத்."

இன்னொரு தடவை என்று சிங்களத்தில் சொன்னது டொக்டர். கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

டொக்டர் பின்னால் வந்து, தோள்பட்டை எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நாகலெட்சுமி மறுபடியும் வீசினாள். அந்தக் கைக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டு, இறுகி, தளர்ந்தது. முதுகில் எந்தச் சதையை எடுக்கப் போகிறார்கள் என்று யாரும் சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

டொக்டர் போய் உட்கார்ந்து, ஃபைலில் வேலை வீட்டில் என்றிருந்த வரியை வெட்டினார்.

*

அதன் பிறகு டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல ஷஸ்னா தமிழில் சொன்னாள். ஒன்றரை வருடத்தில் நாகலெட்சுமி தன் உடம்பைப் பற்றி ஒரு முழுப் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான்.

"சிலிக்கன் பை ஒண்ணு உள்ள வைக்கலாம். ஆனா ஒங்களுக்கு கரண்ட் வச்ச தோல். அது இறுகிப் போயிருக்கு. பை உள்ள கல்லு மாதிரி ஆகலாம், சீழ் பிடிக்கலாம், திரும்ப வெட்டி எடுக்க வேண்டி வரலாம். அத டொக்டர் விரும்பல."

"ம்."

"வயித்துல இருந்து எடுக்கலாம்." டொக்டர் எட்டி நாகலெட்சுமியின் அடிவயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, தலையை ஆட்டினார். "ஒங்க வயித்துல எடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. கொஞ்சம் சாப்பிட்டா என்னன்னு கேக்கிறாங்க."

நாகலெட்சுமி குனிந்துகொண்டாள்.

"முதுகு நல்லா இருக்கு. அதுல செஞ்சா சரியா வரும்னு தான் போன தடவை எழுதுனாங்க. வீட்டு வேலைக்கு, சமையலுக்கு, துணி துவைக்கிறதுக்கு பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாது. ஆனா நீங்க காட்டுனீங்களே, அந்த வீச்சு. அப்பறம் பாரத்தோட மேட்டுல ஏறுறது. அதுக்கு இந்தச் சதை தான் வேலை செய்யுது."

"அப்ப எடுத்தா?"

ஷஸ்னா டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் நேராக நாகலெட்சுமியைப் பார்த்து, மெதுவாக, இவளுக்கும் விளங்கும்படியான சிங்களத்தில் சொன்னார். தமிழில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் ஷஸ்னா சொன்னாள்.

"மலைக்குப் போறத விட்டுறணும்னு சொல்றாங்க. சில மாசம் கழிச்சு பலம் திரும்பி வரலாம். ஆனா இருபது கிலோவைக் கட்டிக்கிட்டு ஏறுங்கன்னு அவங்க வாயால சொல்ல மாட்டாங்களாம்."

அறைக் கதவு திறந்தது. சுலக்ஷனா போட்டோக் கொப்பியோடு வந்து நின்றாள். வெட்டப்பட்ட வரியையும், தாயின் முகத்தையும், தாதியின் முகத்தையும் பார்த்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"வேற வழி?" என்றாள் நாகலெட்சுமி.

"எதுவுமே செய்யாம விடலாம்மா. நிறையப் பேரு அப்படியும் நல்லா இருக்காங்க. அளவெடுத்து, அந்தப் பக்கத்து எடைக்குச் சரியா, உள்சட்டைக்குள்ள வைக்கிற ஒண்ணு இருக்கு. துணிப்பை மாதிரி நழுவாது. அதுக்கு எழுதித் தரலாம். டொக்டர் ஒண்ணு கேக்கிறாங்க. இந்த ஒபரேஷன் யாருக்காக வேணும்? வீட்டுக்காரர் ஏதாவது சொல்றாரா?"

சிவசாமி ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. ஒபரேஷன் முடிந்த நாளிலிருந்து வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பாய் போட்டுப் படுக்கிறான். கேட்டால் உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். ராகலைக் குளிரில் புழுக்கம்!

"எனக்கு," என்றாள்.

சொன்னதும் அவளுக்கே திடுக்கென்றது. பிறகு நிறுத்த முடியவில்லை.

"எனக்குத் தான் வேணும் மிஸ். குனிஞ்சா இந்தப் பக்கம் சட்டைக்குள்ள குளிர்காத்து பூருது. பீலியில எல்லாரோடயும் குளிச்சு ஒன்றரை வருஷமாச்சு. விடியுறதுக்கு முன்ன திருடி மாதிரி போய் தண்ணிய ஊத்திக்கிட்டு வர்றேன். கண்ணாடிய சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன். செத்துப்போகாம பொழைச்சிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க, அது பெரிசு தான். ஆனா எனக்கு நான் முழுசா வேணும்."

ஷஸ்னா இதை ஒரு வரிகூட விடாமல் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசியில் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த மாதம் இருபத்திமூன்றாம் திகதி ஒரு இடம் இருக்கிறது. முதுகா, வேண்டாமா என்று வீட்டில் பேசி, அடுத்த புதன்கிழமை கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்கு. அதன் பிறகு எப்போது கிடைக்கும் என்று டொக்டருக்கே தெரியாது.

*

திரும்பும் பஸ் இறம்பொடையில் தேத்தண்ணிக்கு நின்றது. எதிரே நீர்வீழ்ச்சி இரைந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் தாம்மா சொன்னேன்," என்றாள் சுலக்ஷனா. கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்."

"போன தடவை பக்கத்துல ஆளுங்க இருந்தாங்க. எங்க கடைக்கு வர்ற சிங்கள நோனா ஒருத்தவங்களும் இருந்தாங்க. வத்தே, தோட்டத்து ஆளுன்னு சொன்ன உடனே மூஞ்சி மாறும்மா. ஒங்களுக்குத் தெரியாது. நான் தினமும் பாக்கிறேன்."

"அதனால நான் வீட்டுல சும்மா இருக்கேன்னு சொன்னியா?"

"அது மட்டும் இல்ல. தோட்டத்து வேலைன்னு சொன்னா, ஒங்களுக்கெல்லாம் இது எதுக்குன்னு கேட்டு திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயந்தேன். ஒங்களுக்கு எப்படியாவது கிடைக்கணும்னு தான்..."

"டொக்டர் அப்படிக் கேட்டாங்களா?"

"இல்ல."

"கேக்காததுக்கு நீ பதில் சொல்லியிருக்க." நாகலெட்சுமியின் குரல் உயரவில்லை. "அந்த மிஸ் இன்னைக்கு என் விரலைப் பாக்காட்டி என்ன நடந்திருக்கும்? முதுகை அறுத்துக்கிட்டு வந்து, ரெண்டு மாசத்துல கயித்தைப் போட்டுக்கிட்டு மலையில ஏறியிருப்பேன். ஒனக்கு ஸ்கூல் சப்பாத்து எங்கேருந்து வந்துச்சு சுலா? அந்த வத்தேல இருந்து தானே?"

சுலக்ஷனாவின் தேத்தண்ணி கோப்பையிலேயே ஆறிப்போனது. அவளைத் திட்டலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இருபத்திரண்டு வயதில், அத்தனை பேர் முன்னிலையில், தன் விலாசத்தைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். பொய்யும் அன்பும் ஒரே வாயிலிருந்து ஒரே நேரத்தில் வந்துவிட்டன. எது எவ்வளவு என்று அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை.

நுவரெலியாவில் பஸ் மாறும்போது மகள் தாயின் பையை வாங்கிக்கொண்டாள். தாய் கொடுத்தாள். அவ்வளவுதான்.

*

வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி. சிவசாமி ரொட்டி சுட்டு வைத்திருந்தான். சம்பலில் உப்பு கூடிப்போயிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"என்ன சொன்னாங்க?"

நாகலெட்சுமி சொன்னாள். சிலிக்கன், வயிறு, முதுகு என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். மகளின் பொய்யை மட்டும் சொல்லவில்லை. சுலக்ஷனா நிமிர்ந்து தாயைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"முதுகுல எடுத்தா திரும்ப மலைக்குப் போக ஏலாது."

சிவசாமி கையிலிருந்த ரொட்டியைப் பிய்க்காமல் வைத்திருந்தான்.

"அப்ப காம்பரா?"

வேறு எதையாவது முதலில் கேட்டிருக்கலாம். வலிக்குமா என்று கேட்டிருக்கலாம். ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்டிருக்கலாம். கேட்கக்கூடாத கேள்வி என்றும் சொல்ல முடியாது. கூரை இல்லாமல் எங்கே போவது? ஆனாலும் நாகலெட்சுமிக்கு அது சுருக்கென்று தைத்தது.

"அதுக்குத் தான் யோசிக்கணும். எழுதித் தர்றது ஒண்ணு இருக்காம், உள்ள வச்சுக்கிறதுக்கு. அத வாங்கிக்கிட்டு விட்டுறலாம்."

"விட வேணாம்," என்றாள் சுலக்ஷனா. "நான் பேர் பதியிறேன்."

அடுப்பில் ஈரவிறகு சீறியது.

"என்னடி சொல்ற?"

"செக்ரோல்ல என் பேரைப் போட்டுக்கிறேன்மா. ஒரு பேரு தானே கேக்கிறாங்க? அது யாருடையதா இருந்தா என்ன? நீங்க ஒபரேஷன் செஞ்சுக்கிட்டு வீட்டுல இருங்க. நான் சொன்னது உண்மையாயிரும்."

கடைசி வரி தாய்க்கு மட்டும் விளங்கியது.

நாகலெட்சுமி கணவனைப் பார்த்தாள். இப்போது இவன் குதிக்கப் போகிறான் என்று காத்திருந்தாள். பிள்ளையின் கையில் கொழுந்துக் கறை படக்கூடாது என்று துரையிடமே சவால் விட்டு வந்தவன். சுலக்ஷனாவின் உயர்தரப் பெறுபேற்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ராகலை முழுக்கக் காட்டித் திரிந்தவன். இவன் ஒரு சத்தம் போட்டால் போதும். எல்லாம் அடங்கிவிடும்.

சிவசாமி ரொட்டியைப் பிய்த்தான். சம்பலில் தோய்த்தான். வாயில் போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில பெரட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்," என்றான். "ஆள் எடுக்கிறப்ப கண்டாக்குகிட்ட நானே பேசுறேன். கொஞ்ச நாளைக்குத் தானே."

கொஞ்ச நாள். நாகலெட்சுமியும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் பதினெட்டு வயதில் பெயர் பதிந்தாள்.

அவள் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் அதற்கு முன்னால், ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, எனக்குக் கிடைக்கப்போகிறது என்று நெஞ்சு துள்ளியது. வெட்டி எடுத்த அந்தப் பக்கம்கூடத் துள்ளியது போல இருந்தது. அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கவே போவதில்லை. அந்த நொடி போன பிறகு, வேண்டாம் என்ற சொல்லும் வரவில்லை.

சிவசாமி கையைக் கழுவிக்கொண்டு, பாயைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனான்.

நாகலெட்சுமி படிவத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு நீளக் கோடு மட்டும் இருந்தது. அடுத்த புதன்கிழமைக்கு ஏழு நாள் இருக்கிறது. ஏழு நாளில் எவ்வளவோ பேசலாம், மகளைத் தடுக்கலாம், மனதை மாற்றலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விடியற்காலைப் பெரட்டுக்குப் பத்து மணித்தியாலம்கூட இல்லை என்பதை மட்டும் நினைக்காமல் இருந்தாள்.

திரும்பியபோது சுலக்ஷனா கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய படங்கை எடுத்திருந்தாள். செடியின் ஈரமும் கீறலும் படாமல் கொழுந்துக்காரிகள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த இறப்பர்ச் சீலை. மருந்துக்கடைக்குப் போட்டுப்போகும் சட்டைக்கு மேலேயே அதைச் சுற்றி, கயிற்றை வயிற்றுக்கு நேராக இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். சப்பாத்து நாடாவுக்குப் போடும் முடிச்சு. நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"சரியாம்மா?"

நாகலெட்சுமி கிட்டப் போனாள். குனிந்து அந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"முன்னுக்குப் போடாத. தேயிலை வாது மாட்டி இழுக்கும். இப்படிப் பக்கத்துல போடு."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. அதற்குள் அவள் கை கயிற்றை வலப்பக்கம் கொண்டுபோய், இரண்டு சுற்றுச் சுற்றி, மகளின் இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டிருந்தது.